குடல் சுவரில் விழும் ஓட்டை: எச்.ஐ.வி. மருந்தை ஏன் நிறுத்தக்கூடாது?



எச்.ஐ.வி. என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது இரத்தம். "அது ரத்தத்துல வர்ற வியாதி" என்றுதான் லயங்களில் பேசிக்கொள்கிறோம். இரத்தப் பரிசோதனையில் தெரிகிறது, இரத்தத்தின் மூலம் பரவுகிறது. ஆகவே அப்படி நினைப்பதில் தவறில்லை. ஆனால் இந்த வைரஸ் உடம்புக்குள் நுழைந்ததும் முதலில் பெரும் நாசம் செய்கிற இடம் எது தெரியுமா? நம் வயிற்றுக்குள் இருக்கும் குடல்!

"இதைத் தெரிஞ்சு நமக்கென்ன ஆகப்போவுது?" என்று கேட்பீர்கள். காரணம் இருக்கிறது. மருந்து சாப்பிட்டு உடம்பு தேறியவர்களில் சிலர், "இப்பத்தான் நல்லா இருக்கேனே, இன்னும் எதுக்கு மாத்திரை?" என்று பாதியில் நிறுத்திவிடுகிறார்கள். வேறு சிலர் பரிசோதனைக்கே பயந்து நாளைக் கடத்துகிறார்கள். குடலுக்குள் நடப்பது என்ன என்று தெரிந்தால், இவ்விரண்டும் எவ்வளவு ஆபத்தானவை என்பது தானாகவே விளங்கும்.

நோய் வந்த வரலாறு

1981-ஆம் ஆண்டு ஜூன் மாதம், அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞர்களுக்கு, சாதாரணமாக அந்த வயதில் வராத ஒருவகை நுரையீரல் காய்ச்சல் வந்திருப்பதாக டாக்டர்கள் அறிவித்தார்கள். 1983-இல் பாரீஸ் நகரிலுள்ள பாஸ்டர் நிலையத்தில் இதற்குக் காரணமான வைரஸைக் கண்டுபிடித்தார்கள். அதற்காக பிரான்சுவாஸ் பாரே சினூசி என்ற அம்மையாருக்கும் லூக் மோந்தாஞ்ஞே என்பவருக்கும் 2008-இல் நோபல் பரிசு கிடைத்தது. நம் மலேசியாவில் முதல் நோயாளி கண்டறியப்பட்டது 1986-இல்.

இது உடலுறவாலும், ஒருவர் குத்திய ஊசியை மற்றவர் குத்திக்கொள்வதாலும், நோயுள்ள தாயிடமிருந்து பிள்ளைக்கும் பரவுகிறது. ஒரே தட்டில் சாப்பிடுவதால் பரவாது. ஒரே கக்கூஸைப் பயன்படுத்துவதால் பரவாது. கொசு கடிப்பதால் பரவாது. தொட்டுப் பேசுவதாலும் பரவாது. இதை எத்தனை முறை எழுதினாலும் இன்னும் ஒருமுறை எழுத வேண்டியிருக்கிறது.

வைரஸ் தாக்குவது நம் வெள்ளை அணுக்களில் ஒரு வகையை. சி.டி.4 அணு என்று அதற்குப் பெயர். நோய்க் கிருமி வந்தால் மற்ற அணுக்களுக்கு உத்தரவு கொடுத்து வேலை வாங்குவது இந்த அணுதான். தோட்டத்துக்கு மண்டோர் எப்படியோ, உடம்பின் காவலுக்கு சி.டி.4 அப்படி.

குடல் என்ற வேலி

இப்போது குடலுக்கு வருவோம். சோறு செரிக்கும் இடம் என்று மட்டும்தான் அதைப் பற்றி நமக்குத் தெரியும். ஆனால் உடம்பின் மிகப் பெரிய காவல் நிலையமும் அதுவே. நம் காவல் அணுக்களில் ஏராளமானவை குடலைச் சுற்றி முகாம் போட்டிருக்கின்றன.

ஏன் அங்கே? ஏனென்றால் குடலுக்குள் கோடானுகோடி நுண்ணுயிர்கள் குடியிருக்கின்றன. ஒரு மனிதனின் உடம்பில் ஏறத்தாழ 38 லட்சம் கோடி பாக்டீரியாக்கள் இருப்பதாக 2016-இல் இஸ்ரேல் நாட்டு விஞ்ஞானிகள் கணக்கிட்டார்கள். அவற்றில் பெரும்பாலானவை பெருங்குடலில் உள்ளவை. பயப்பட வேண்டாம். இவை நமக்குப் பகைவர்கள் அல்ல. நாம் சாப்பிடும் கீரை, பருப்பு, பயறு இவற்றில் நம்மால் செரிக்க முடியாத நாரைப் புளிக்கவைத்து, குடல் சுவருக்கே உணவாகும் பொருளைச் செய்து கொடுப்பவை இவைதாம். ஆனால் அவை குடலுக்குள் இருக்கும்வரைதான் நல்லவை. சுவரைத் தாண்டி இரத்தத்துக்குள் வந்துவிட்டால் தொல்லை.

அந்தச் சுவர் எவ்வளவு தடிப்பு? நம் தோல் பல அடுக்குகள் கொண்டது. பால்மரத்துப் பட்டையைப் போல என்று வைத்துக்கொள்ளுங்கள். குடலின் உள்சுவரோ ஒரே ஓர் அணு அடுக்கு! சத்து உள்ளே இறங்க வேண்டும் அல்லவா, அதனால்தான் இவ்வளவு மெல்லிசு. மூன்று முதல் ஐந்து நாளைக்கு ஒருமுறை இந்த அடுக்கு உதிர்ந்து புதிதாக முளைக்கிறது. அதைச் செப்பனிட்டு, இடுக்கு விழாமல் பார்த்துக்கொள்ளும்படி உத்தரவு கொடுப்பதும் அங்கே முகாம் போட்டிருக்கும் சி.டி.4 அணுக்களில் ஒரு பிரிவுதான்.

இந்த இடத்தில்தான் வைரஸ் கை வைக்கிறது.

முதல் சில வாரங்கள்

குரங்குகளுக்கு எச்.ஐ.வி.யைப் போன்றே ஒரு வைரஸ் உண்டு. எஸ்.ஐ.வி. என்று பெயர். 1998-இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர்கள் இந்த வைரஸ் தொற்றிய குரங்குகளின் குடலைச் சோதித்தபோது திடுக்கிட்டுப் போனார்கள். தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே குடலில் இருந்த சி.டி.4 அணுக்களில் மிகப் பெரும்பாலானவை அழிந்து போயிருந்தன. இரத்தத்திலோ அவ்வளவு குறைவு தெரியவில்லை.

மனிதர்களிடமும் இப்படித்தானா? 2004-இல் இரண்டு ஆராய்ச்சிக் குழுக்கள் நோயாளிகளின் சம்மதத்தோடு, குழாய் விட்டுக் குடலிலிருந்து சிறு துணுக்குகளை எடுத்துப் பார்த்தன. அதே கதைதான். நோயின் ஆரம்பக் கட்டத்திலேயே குடல் காவல் சூறையாடப்பட்டிருந்தது.

இதே சமயத்தில் அந்த மனிதர் வெளியே எப்படி இருப்பார்? தொற்றி இரண்டு முதல் நான்கு வாரங்களில் பலருக்குக் காய்ச்சல், தொண்டை வலி, உடம்பில் தடிப்பு வரும். சிலருக்கு ஒன்றும் தெரியாது. "டெங்கியா இருக்கும், ப்ளூவா இருக்கும்" என்று பனடோல் போட்டுக்கொண்டு பிரட்டுக்குப் போய்விடுவார். காய்ச்சலும் சில நாளில் போய்விடும். பிறகு வருடக்கணக்கில் வேலை செய்வார், கல்யாணம் காட்சிக்குப் போவார். உள்ளே வேலி சாய்ந்து கிடப்பது அவருக்கே தெரியாது.

கசிவு

சுவரைப் பழுது பார்க்கச் சொல்லும் அணுக்கள் செத்துவிட்டால் சுவர் என்ன ஆகும்? ஆங்காங்கே இடுக்கு விழும். 2006-இல் அமெரிக்க அரசாங்கத்தின் தேசிய சுகாதார ஆய்வு நிலையங்களைச் சேர்ந்த டேனியல் டூவெக்கும் அவருடைய குழுவினரும் இதற்குச் சான்று காட்டினார்கள். குடல் பாக்டீரியாக்களில் ஒரு வகையின் மேலோட்டில் எல்.பி.எஸ். என்ற ஒரு பொருள் உண்டு. கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்தது. குடலுக்குள் இருக்க வேண்டிய இந்தப் பொருள், நாட்பட்ட எச்.ஐ.வி. உள்ளவர்களின் இரத்தத்தில் மற்றவர்களைவிட அதிகமாக இருந்தது. யாருடைய இரத்தத்தில் அது அதிகமோ, அவர்களுடைய காவல் அணுக்களும் அதிகப் பதற்றத்தில் இருந்தன.

ஸ்டோரில் ஒரு ஜாகாக்காரர் இருக்கிறார் என்று வையுங்கள். திருடன் வந்தால் விசில் அடிப்பார், ஆட்கள் ஓடி வருவார்கள், திருடன் போனதும் படுக்கப் போவார்கள். அதுதான் முறை. ஆனால் வேலியில் ஓட்டை விழுந்து, இராத்திரி முழுக்க நாயும் பன்றியும் நுழைந்துகொண்டே இருந்தால்? விசில் நிற்காது. ஆட்கள் தூங்க முடியாது. ஒரு மாதம், ஒரு வருடம், பத்து வருடம் இப்படியே போனால் ஆட்கள் ஓய்ந்து போவார்கள். இருட்டில் அடிக்கிற அடி சொந்த வீட்டுச் சுவர்மேலும் விழும். இதைத்தான் டாக்டர்கள் 'நோய் எதிர்ப்புச் சக்தி ஓயாமல் தூண்டப்பட்ட நிலை' என்கிறார்கள்.

இதில் இன்னொரு கொடுமையும் உண்டு. எச்.ஐ.வி. விரும்பித் தொற்றுவது விழித்தெழுந்து வேலை செய்கிற சி.டி.4 அணுக்களைத்தான். விசில் அடிக்க அடிக்க ஆட்கள் எழுந்து வருகிறார்கள். எழுந்து வந்தவர்களையே வைரஸ் பிடித்துக்கொள்கிறது. அவர்கள் சாகச் சாகச் சுவர் இன்னும் கசிகிறது. சுற்றிச் சுற்றி வரும் செக்கு மாடு போல இது ஓடிக்கொண்டே இருக்கிறது.

கசிவு ஒன்றுதான் காரணம் என்று நினைத்துவிடக் கூடாது. வைரஸும், உடம்பில் ஒளிந்திருக்கும் வேறு பழைய வைரஸ்களும்கூடக் காவலைத் தூண்டுகின்றன. ஆனாலும் கசிவுக்கு இதில் பெரும் பங்கு உண்டு.

மூன்று குரங்குகள் சொல்லும் பாடம்

மேற்கு ஆப்பிரிக்காவில் சூட்டி மாங்கபி என்றொரு குரங்கு இனம் இருக்கிறது. எஸ்.ஐ.வி. இதற்கு இயற்கையாகவே தொற்றுகிறது. இரத்தத்தில் வைரஸும் ஏராளமாக இருக்கும். ஆனாலும் இந்தக் குரங்குக்கு எய்ட்ஸ் வருவது மிக மிக அபூர்வம்! வட இந்தியாவில் கோயில் வாசலிலெல்லாம் திரியுமே, அந்த ரீசஸ் குரங்குக்கு அதே வகை வைரஸைக் கொடுத்தால் அது மெலிந்து எய்ட்ஸ் வந்து சாகிறது.

என்ன வித்தியாசம்? மாங்கபியின் உடம்பிலும் ஆரம்பத்தில் கலவரம் நடக்கிறது. ஆனால் சில வாரங்களில் அடங்கிவிடுகிறது. அதன் குடல் சுவர் கசிவதில்லை. ரீசஸ் குரங்குக்குச் சுவர் கசிகிறது. கலவரம் அடங்குவதே இல்லை. ஆக, வைரஸ் எவ்வளவு இருக்கிறது என்பது மட்டும் கேள்வியல்ல. உடம்பு எவ்வளவு காலம் கலவரத்தில் இருக்கிறது என்பதும் உயிரைத் தீர்மானிக்கிறது.

மூன்றாவது குரங்கு நம் நாட்டுக்காரன். கிளந்தானில் தேங்காய் பறிக்கப் பழக்குகிறார்களே, மலாய்க்காரர்கள் 'பெருக்' என்று சொல்லும் பன்றிவால் குரங்கு, அதுதான். எஸ்.ஐ.வி. தொற்றினால் இதற்கு ரீசஸ் குரங்கைவிட வேகமாக நோய் முற்றுகிறது. அமெரிக்க ஆராய்ச்சிக் கூடங்களில் வளர்க்கப்பட்ட இந்தக் குரங்குகளின் குடல் சுவர், வைரஸ் தொற்றுவதற்கு முன்பே பழுதுபட்டுக் கசிந்துகொண்டிருந்ததை 2010-இல் கண்டார்கள். மூன்று குரங்குகளும் ஒரே பாடத்தைத்தான் சொல்கின்றன: வேலி உறுதியாக இருந்தால் தப்பலாம், வேலி ஓட்டையானால் ஆபத்து.

மருந்து என்ன செய்கிறது?

எச்.ஐ.வி.க்குத் தினசரி சாப்பிடும் ஏ.ஆர்.வி. மருந்து வைரஸ் பெருகாமல் தடுக்கிறது. சில மாதங்களில் இரத்தத்தில் வைரஸ் கண்ணுக்கே தெரியாத அளவுக்குக் குறைந்துவிடும். இரத்தத்தில் சி.டி.4 ஏறும். காவலின் பதற்றமும் வெகுவாகத் தணியும். ஆனால் முழுவதும் அடங்குவதில்லை. குடலில் அழிந்த அணுக்கள் மெதுவாகத்தான் திரும்புகின்றன. பலருக்கு முழுமையாகத் திரும்புவதில்லை.

பால் வெட்டும் தோழர்களுக்கு இது புரியும். கத்தி ஆழமாக இறங்கி மரத்தில் காயம் பட்டுவிட்டால், பிறகு எவ்வளவு கவனமாக வெட்டினாலும் அந்த இடத்தில் புதுப்பட்டை மேடும் பள்ளமுமாகத்தான் வளரும். காயம் படுவதற்கு முன்பே கத்தியை நிறுத்தினால்தான் பட்டை ஒழுங்காக வரும். மருந்தும் அப்படித்தான். எவ்வளவு சீக்கிரம் தொடங்குகிறோமோ, அவ்வளவு நல்லது. நம் பக்கத்து நாட்டுத் தலைநகர் பாங்காக்கில், தொற்றிய சில வாரங்களுக்குள்ளேயே கண்டுபிடித்து மருந்து கொடுக்கப்பட்டவர்களைச் சோதித்தார்கள். மிக ஆரம்பத்திலேயே தொடங்கியவர்களுக்குக் குடல் சுவரைக் காக்கும் அணுக்கள் பிழைத்திருந்தன. காவலின் பதற்றமும் தணிந்திருந்தது. இந்த முடிவு 2014-இல் வெளிவந்தது.

நிறுத்தினால் என்ன ஆகும்?

ஒரு காலத்தில் டாக்டர்களுக்கே இந்தச் சந்தேகம் இருந்தது. பழைய மருந்துகளில் பக்க விளைவுகள் அதிகம். ஆகவே சி.டி.4 நன்றாக இருக்கும்போது மருந்தை நிறுத்திவைத்து, குறையும்போது மறுபடி கொடுத்தால் என்ன என்று யோசித்தார்கள். 33 நாடுகளில் 5,472 பேரை இரண்டு பிரிவாகப் பிரித்துப் பார்த்தார்கள். 'ஸ்மார்ட்' ஆராய்ச்சி என்று பெயர். ஒரு பிரிவு விடாமல் மருந்து சாப்பிட்டது. மற்றது விட்டு விட்டுச் சாப்பிட்டது.

2006 ஜனவரியில் பாதியிலேயே இதை நிறுத்த வேண்டியதாயிற்று. விட்டு விட்டுச் சாப்பிட்டவர்களுக்கு எய்ட்ஸ் சார்ந்த நோயோ மரணமோ வரும் அபாயம் இரண்டு மடங்குக்கும் மேல் இருந்தது. அது மட்டுமா? மருந்தை நிறுத்தினால் இருதயம், சிறுநீரகம், கல்லீரல் ஆகியவற்றுக்கு ஓய்வு கிடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள் அல்லவா? நடந்தது நேர் எதிர். அந்த உறுப்புகளின் நோய்களும் அவர்களுக்கே அதிகம் வந்தன. ஏன் என்பது இப்போது உங்களுக்கே விளங்கும். மருந்து நின்றதும் வைரஸ் எழுந்தது. விசில் மறுபடி ஊதியது. அடி இரத்தக் குழாய்களின்மேல் விழுந்தது.

'சீக்கிரம் தொடங்கலாமா, உடம்பு கெட்ட பிறகு தொடங்கலாமா?' என்ற கேள்விக்கும் 2015-இல் பதில் கிடைத்தது. 35 நாடுகளில் 4,685 பேரிடம் நடந்த 'ஸ்டார்ட்' ஆராய்ச்சியில், உடனே மருந்து தொடங்கியவர்களுக்குக் கடும் நோயோ மரணமோ வரும் அபாயம் 57 விழுக்காடு குறைந்தது. அதுமுதல் உலகெங்கும் முறை ஒன்றுதான்: நோய் தெரிந்தால் உடனே மருந்து.

குடலுக்கென்று தனி மருந்து உண்டா?

"குடலைச் சுத்தம் பண்ணினா எச்.ஐ.வி. போயிடும்" என்று யாராவது பவுடரும் போத்தலும் கொண்டு வந்தால் உங்கள் வெள்ளியைக் கொடுக்காதீர்கள். நல்ல பாக்டீரியா மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்த ஆராய்ச்சிகளில், காவலின் பதற்றத்தைக் குறைக்கும் என்று நம்பத்தக்க பலன் கிடைக்கவில்லை. எந்த பாக்டீரியா நல்லது, எது கெட்டது என்பதே விஞ்ஞானிகளுக்கு இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை. எச்.ஐ.வி.யால் வந்தது என்று முதலில் நினைத்த ஒரு மாற்றம், ஆண்களோடு உறவு கொள்ளும் ஆண்களிடம் நோய் இல்லாவிட்டாலும் காணப்படுகிறது என்று 2016-இல் பார்சிலோனாக்காரர்கள் காட்டினார்கள். பெரிய ஆராய்ச்சிக் கூடங்களே தடுமாறும் விஷயத்தை ஒரு போத்தலில் அடைத்து விற்க முடியுமா?

ஆனால் இருதயத்தைக் காக்க ஒரு வழி கிடைத்திருக்கிறது. 12 நாடுகளில் 7,769 பேர் பங்கெடுத்த 'ரிப்ரீவ்' ஆராய்ச்சியின் முடிவு 2023-இல் வெளிவந்தது. நம் அயல்நாடான தாய்லாந்தும், இந்தியாவும் அதில் இருந்தன. ஏ.ஆர்.வி. சாப்பிட்டுக்கொண்டிருந்த, 40 முதல் 75 வயது வரையிலானவர்களுக்குப் பிடாவாஸ்டாட்டின் என்ற கொழுப்பு மாத்திரையைக் கொடுத்தபோது, மாரடைப்பு, பக்கவாதம் போன்றவை 35 விழுக்காடு குறைந்தன. ஆகவே 40 வயது தாண்டியவர்கள், "டாக்டர், எனக்குக் கொழுப்பு மாத்திரை வேணுமா?" என்று கிளினிக்கில் தைரியமாகக் கேளுங்கள்.

நம் கையில் இருப்பவையும் உண்டு. சிகரெட்டை விடுங்கள், ஏற்கெனவே அடிபட்டிருக்கும் இரத்தக் குழாயை அது மேலும் அடிக்கிறது. சம்சுவும் மற்ற மதுவும் குடல் சுவரைத் தாமே கசியவைப்பவை, எச்.ஐ.வி. உள்ளவர் குடிப்பது, வேலி உடைந்த இடத்தில் பாராங்கை போடுவதைப் போன்றது. கீரை, பருப்பு, காய்கறி தினமும் சேருங்கள். அது மருந்துக்குத் துணை, மருந்துக்குப் பதில் அல்ல. கடையில் கண்ட ஆன்டிபயோட்டிக் மாத்திரையை நீங்களாக வாங்கிப் போடாதீர்கள். நல்ல பாக்டீரியாக்களும் அதில் சாகும். வயிற்றுப்போக்கு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தால் கிளினிக்குக்குப் போங்கள்.

குடும்பத்தாருக்கு ஒரு வார்த்தை

வீட்டில் ஒருவருக்கு இந்த நோய் இருந்தால், அவருடைய தட்டையும் டம்ளரையும் தனியாக ஒதுக்காதீர்கள். அவர் வெட்கப்பட்டு ஒளிந்து சாப்பிடும் மருந்துதான் முதலில் நின்றுபோகும். "மாத்திரை போட்டீங்களா?" என்று அன்பாகக் கேட்கும் ஒரு வாய், வீட்டில் இருக்கட்டும். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டு வைரஸ் தெரியாத நிலைக்கு வந்தவரிடமிருந்து உடலுறவின் மூலம் நோய் பரவாது என்பதை 2019-இல் வெளிவந்த ஐரோப்பிய ஆராய்ச்சி உறுதிப்படுத்தியது. கர்ப்பிணிப் பெண்களைப் பரிசோதித்து மருந்து கொடுத்ததால், தாயிடமிருந்து பிள்ளைக்குப் பரவுவதை ஒழித்த நாடு என்று 2018-இல் உலக சுகாதார நிறுவனம் மலேசியாவுக்குச் சான்று வழங்கியது. மருந்துக்கு இருக்கும் சக்தி அவ்வளவு!

அரசாங்க கிளினிக்குகளில் எச்.ஐ.வி. பரிசோதனை செய்துகொள்ளலாம். மருந்து வாங்கப் போகும் நாளில் சம்பளம் போய்விடுமே என்று தயங்காதீர்கள். வேலைச் சட்டப்படி, டாக்டர் எம்.சி. கொடுத்தால் சம்பளத்தோடு நோய் விடுப்பு உண்டு: இரண்டு வருடத்துக்குக் குறைவாக வேலை செய்தவருக்கு ஆண்டுக்கு 14 நாள், இரண்டு முதல் ஐந்து வருடம் வரை 18 நாள், ஐந்து வருடமும் அதற்கு மேலும் 22 நாள். இது சலுகையல்ல, உரிமை. அதை யாராவது மறுத்தால் கிளைத் தலைவரிடம் வந்து சொல்லுங்கள்.

தோழர்களே, இந்த நோய்க்காரர் நம் கண்ணுக்கு நல்லாத்தான் இருப்பார். அவருடைய வேலி உள்ளே சாய்ந்திருக்கலாம். மருந்துதான் அந்த வேலிக்கு முட்டுக்கொடுக்கும் கம்பு. நன்றாக இருக்கிறோம் என்பதற்காகக் கம்பைப் பிடுங்காதீர்கள். கம்பு நிற்பதால்தான் நன்றாக இருக்கிறோம்.